பிளீச் செய்த முடியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழிகாட்டி

"வீட்டில் என்ன தண்ணீர்? கிணறா, பைப்பா?" முடியை வெளிற வைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். போனில் ஒரு கொரியப் பாடகரின் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற தம்பிக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். ஆனால் சலூன் வேலை மூன்று நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த முடி மாதக்கணக்கில் உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் கல்லடி வெயிலிலும் ஹெல்மெற்றுக்குள்ளும்தான் கிடக்கப்போகிறது. பிளீச்சில் தப்பிய எத்தனையோ தலைகள் வீட்டில்தான் கெட்டுப்போகின்றன.

முதன்முறையாக முடியை வெளிற வைத்தவர்களுக்கும், பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ முன்னால் செய்வோமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே கவனிப்புத்தான். முடி கட்டையாக இருந்தால் வேலை குறைவு, அவ்வளவே.

முடிக்குள் என்ன நடந்தது

இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் கடையில் வீண்காசு செலவழிக்க மாட்டீர்கள்.

எங்கள் முடியைக் கறுப்பாக்குவது உள்ளே இருக்கிற மெலனின். பிளீச் பவுடரில் பெர்சல்பேட் உப்புகள் இருக்கும். அதோடு கலக்கிற டெவலப்பரில் ஹைட்ரஜன் பெரொக்சைட். 20 வொலியூம் என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. இந்தக் கலவையின் காரத்தன்மையில் முடி ஊதி, மேற்செதில்கள் திறந்துகொள்ளும். பெரொக்சைட் உள்ளே போய் மெலனினை உடைக்கும். கறுப்பு முடி ஒரேயடியாகப் பொன்னிறத்துக்குத் தாவாது. முதலில் சிவப்போடிய மண்ணிறம், பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், ஆகக் கடைசியில்தான் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போல ஒரு வெளிர் மஞ்சள். முதல்முறை செய்கிறவர்கள் செம்மஞ்சளோடோ மஞ்சளோடோ நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். அதற்கு மேலே போகப்போக நிறத்தோடு சேர்ந்து பலமும் கழன்றுகொண்டே வரும்.

மெலனினோடு இன்னும் இரண்டு போகின்றன. முடியின் மேலே இயற்கையாக ஒட்டியிருக்கிற மெல்லிய கொழுப்புப் படை கழுவுப்பட்டுவிடும். உள்ளே முடியின் புரதமான கெரட்டினைக் கோத்துப் பிடிக்கிற கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதி அறுந்துபோகும். முன்பு தண்ணீர் வழிந்தோடிய முடி இப்போது தண்ணீரைக் குடிப்பது இதனால்தான். குடித்து ஊதும், காய நேரமெடுக்கும், சிக்குப் பிடிக்கும், ஈரத்தில் பிடித்தால் இழுபடும். முடி உயிரில்லாத பொருள். தானாக ஆறாது. போத்தலில் 'ரிப்பேர்' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சரி, உள்ளதை இன்னும் கெடாமல் காப்பதுதான் நம்மால் முடிந்த வேலை.

உங்கள் முடி எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கினால் பரவாயில்லை. நீண்டது நீண்டபடியே தொய்ந்து நின்றால் உள்ளே பலம் குறைந்திருக்கிறது. கெரட்டின் கலந்த மாஸ்க் மாதத்துக்கு இரண்டு முறை போடலாம். நீளாமலே டக்கென்று அறுந்தால் வறட்சி. அதற்கு நல்ல கண்டிஷனர்தான் வேண்டும். மேலும் மேலும் கெரட்டின் போட்டால் இன்னும் விறைத்துப்போகும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

எழுவான்கரை முழுவதும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் நிலம். இங்கே கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே ஒரு படையாகத்தான் நிற்கிறது, அடியில் உவர். கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அந்த உவர் மேலே ஏறும். 2004 சுனாமி முடிந்த கையோடு கரையோரக் கிணறுகளை இறைத்து இறைத்து ஊற்றிய காலம் வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உள்பக்கத்தில் குழாய்க்கிணறு வைத்திருக்கிற சில வீடுகளில் பிரச்சினை இரும்பு. பைப் தண்ணீர் என்றால், மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அதில் குளோரின் இருக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. குளியலறையில் இருக்கிற வெளிர்நிற வாளியின் உட்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் காவி நிறத்தில் ஒரு வளையம் இருந்தால் இரும்பு. கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கடினத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து நிற்பதும் அதே அடையாளம். நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் சொல்லவே வேண்டாம்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். சாம்பல் கலந்த பொன்னிறம், அழகாகப் பிடித்திருந்தது. திரும்ப வந்தபோது நுனியெல்லாம் துருப்பிடித்த கம்பியின் நிறம். கலர் மட்டம் என்று சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தாள். முடியைத் தொட்டால் மெழுகு பூசினது போல ஒரு பிசுபிசுப்பு. வாளியைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்; பார்த்தால் காவி வளையம் விரல் அகலத்துக்கு. முடி ஓட்டை விழுந்து கிடக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பு, செம்பு, கல்சியம் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கறுப்பு முடியில் தெரியாது. வெளிர் முடியில் மறைக்கவே முடியாது. இதைவிட மோசம், உள்ளே இரும்போ செம்போ இருக்கிற முடிக்கு மறுபடியும் பிளீச் வைத்தால் பெரொக்சைட் அந்த உலோகத்தோடு சேர்ந்து தாறுமாறாக வேலை செய்யும். முடி சூடாகி அறுந்துபோகவும் கூடும்.

இனி என்ன செய்யலாம்?

இரும்போ சுண்ணாம்போ உள்ள வீட்டுக்காரர்கள் 'கிலேட்டிங்' என்று எழுதிய ஷாம்பு, அல்லது நீச்சல்காரர்களுக்கென்று விற்கிற ஷாம்பு ஒன்று வாங்கி வையுங்கள். அதில் இருக்கிற இ.டி.டி.ஏ. போன்ற பொருள்கள் உலோகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும். அடிக்கடி போட்டால், பிளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் போட்ட டோனரையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த நாளில் கண்டிஷனரை வழக்கத்தைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும்.

கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடிக்கொள்ளுங்கள். முழு முழுக்குக்கும் தேவையில்லை. குடிக்க வைத்திருக்கிற வடிகட்டிய தண்ணீரில் இரண்டு செம்பு போதும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் கவலையே இல்லை. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் பீலியடியில் வாளி வையுங்கள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பும் இல்லை, குளோரினும் இல்லை. அந்த மாதங்களில் வருகிற தலைகளின் மினுக்கமே வேறு.

பைப் தண்ணீரென்றால் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் விடியும்போது குளோரின் கொஞ்சம் பறந்திருக்கும்.

இன்னொன்று, தண்ணீர்த் தாங்கி. மொட்டைமாடியில் நிற்கிற கறுப்புத் தாங்கியில் பின்னேரம் இரண்டு மணிக்கு வருகிற தண்ணீர் கையே வைக்க முடியாத சூடு. சுடுதண்ணீர் நிறத்தையும் கழுவும், முடியையும் இன்னும் ஊத வைக்கும். காலையில் வெள்ளன முழுகுங்கள், அல்லது பொழுது சாய்ந்து தாங்கி ஆறினதும்.

எண்ணெய்: முழுகுவதற்கு முன்னால்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து "பிளீச் செய்த முடிக்கு எண்ணெயே வைக்கக் கூடாதாம்" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம். எந்த எண்ணெய், எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேங்காயெண்ணெயில் அதிகமாக இருக்கிற லோரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. அதனால் முடிக்குள்ளே இறங்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. பிளீச் செய்த முடியிலும் அப்படித்தான். முழுகுவதற்கு முன்னால் வைத்தால், உள்ளே போகிற தண்ணீரின் அளவு குறைந்து முடி ஊதுவதும் குறையும். நம் ஊர்த் தென்னையை நம்பி இருங்கள். தூர தேசத்து எண்ணெய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

முழுகுகிற நாளுக்கு முதல் இரவு, இல்லையென்றால் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னால், காய்ந்த முடியில் பூசுங்கள். தோள் வரை முடிக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். உள்ளங்கையில் தேய்த்து, காது மட்டத்திலிருந்து நுனி வரை விரலால் இழுத்து விடுங்கள். உச்சியில் அப்பிக் குளிப்பாட்டுகிற பழக்கத்தை இப்போதைக்கு விடலாம். உச்சியில் வளர்வது பெரும்பாலும் புது முடி, அதற்குப் பசியில்லை. இரண்டாவது, உச்சியில் அப்பினால் அதைக் கழுவ இரண்டு மூன்று முறை ஷாம்பு போட வேண்டி வரும். அங்கேதான் போட்ட பலன் போகும்.

கடும் மஞ்சளோ பச்சையோ கறுப்போ ஆன மூலிகை எண்ணெய்கள் வேண்டாம். வெளிர் முடியில் அந்தச் சாயம் ஏறும். நல்லெண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து அரப்பும் சீயாக்காயும் தேய்க்கிற சனிக்கிழமை முழுக்கு இந்த முடிக்கு ஒத்து வராது. அரைத்த தூளின் உரசல் ஒருபக்கம், அதன் மண்ணிறம் மறுபக்கம். அம்மம்மாவிடம் பேச்சு வாங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

முழுகுகிற நாள்

கிழமைக்கு இரண்டு முறை போதும். தினமும் வியர்க்கிற ஊரில் இது கஷ்டம்தான். இடைப்பட்ட நாளில் முடியைக் கொண்டையாகக் கட்டிக்கொண்டு உடம்புக்கு மட்டும் குளியுங்கள். உச்சி கசகசத்தால் வெறும் தண்ணீரில் உச்சியை மட்டும் அலசலாம். டோனர் போட்டிருந்தால் முதல் முழுக்கை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

1. காய்ந்த முடியைப் பரந்த பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். நனைத்த பிறகு சிக்கெடுக்கத் தொடங்கினால் கையோடு வரும்.

2. நன்றாக நனைத்து, சல்பேட் இல்லாத ஷாம்புவைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து உச்சியில் மட்டும் போடுங்கள். விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகத்தால் வேண்டாம். வழிகிற நுரையே நுனியைக் கழுவும். முழு முடியையும் உச்சியில் குவித்துச் சேலை துவைப்பது போலக் கசக்க வேண்டாம்.

3. தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கண்டிஷனர். கடையில் தொங்குகிற சின்னப் பக்கற் ஒன்று தோள் வரை முடிக்குக் காணாது, போத்தலாக வாங்குங்கள். காதுக்குக் கீழே பூசி, ஐந்து நிமிஷம் விட்டு, அதே வழுவழுப்பில் விரலால் சிக்கெடுத்துப் பிறகு அலசுங்கள். கிழமையில் ஒரு நாள் இதற்குப் பதிலாக மாஸ்க், இருபது நிமிஷம்.

4. கடினத் தண்ணீர் வீடு என்றால், ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றி, ஒரு நிமிஷம் கழித்து அலசுங்கள். பிளீச்சின் காரத்துக்கு எதிராக இந்த லேசான புளிப்பு செதில்களைப் படிய வைக்கும். கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். உச்சியில் புண் இருந்தால் அறவே வேண்டாம், எரிந்து துடித்துவிடுவீர்கள்.

5. காய வைப்பது. இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று முடியைக் கொல்கிறது. முழுகிவிட்டு வந்து குனிந்து நின்று, முறுக்கிய துவாயால் முடியைப் பட் பட்டென்று அடிப்பார்களே, அது. ஒவ்வோர் அடியிலும் பறக்கிறது தண்ணீர் மட்டுமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தால் உடைந்த முடித்துண்டுகள் தெரியும். துவாயைக் கொண்டையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி அரை நாள் சமையலறையில் நிற்பதும் அப்படித்தான். ஈரத்தில்தான் இந்த முடி ஆகப் பலவீனம். வீட்டில் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்திச் சாரம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் முடியைப் பொத்திப் பொத்தி ஒற்றுங்கள். அப்புறம் பேனுக்குக் கீழே விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் சரி.

6. முக்கால்வாசி காய்ந்ததும் நுனியில் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் அல்லது சீரம்.

பிணைப்பைத் திரும்பக் கட்டும் என்று சொல்லி விற்கிற போத்தல்களைப் பற்றிக் கேட்பீர்கள். 2014இல் ஓலாபிளெக்ஸ் வந்ததிலிருந்து அந்த வகை நிறைய வந்துவிட்டது. முடி அறுவதைக் குறைப்பதில் பலன் உண்டு. ஆனால் விலை கூடின சாமான் என்பதால் போலியும் கூட. சீல் உடைந்திருந்தால், விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால், அந்தக் காசுக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஊதா ஷாம்பு யாருக்கு

எல்லாருக்கும் இல்லை. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. செம்மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம். முடி செம்மஞ்சளில் நிற்கும்போது ஊதா ஷாம்புவைப் போத்தல் போத்தலாக ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. நீல ஷாம்புதான் வேலை செய்யும். மஞ்சள் நிலைக்கு வந்தவர்கள் கிழமைக்கு ஒருமுறை, வழக்கமான ஷாம்புவுக்குப் பதிலாகப் போடலாம். முதல் தடவை இரண்டு நிமிஷத்தில் கழுவிப் பாருங்கள், போதாவிட்டால் அடுத்த தடவை நேரத்தைக் கூட்டலாம். ஓட்டை கூடின நுனிதான் முதலில் சாயத்தைப் பிடிக்கும். மறந்துபோய் டீவி பார்த்துக்கொண்டிருந்தால் நுனி கத்தரிக்காய் நிறமாகிவிடும். ஆனாலும் பயப்பட வேண்டாம், சாதாரண ஷாம்புவில் இரண்டு மூன்று முழுக்கில் போய்விடும். இந்தச் சாயம் மேலே ஒட்டுவதுதான், முடிக்குப் பலம் எதுவும் தராது.

இரும்புத் தண்ணீரால் வந்த காவிக்கு இது மருந்தில்லை. முதலில் கிலேட்டிங் ஷாம்பு, பிறகுதான் ஊதா.

வெயில், கச்சான், கடல்

வைகாசி கழிந்தால் கச்சான் தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிற வறண்ட காற்று. கடல் காற்றையே தள்ளிக்கொண்டு அடிக்கும், மட்டக்களப்பில் வெப்பம் 38 பாகை செல்சியஸ் வரையும் போகும். வாய், உதடு, முடி எல்லாம் ஒரே நேரத்தில் காய்கிற காலம். இந்த மாதங்களில் முடியை விரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். தளர்ந்த பின்னலாகப் போட்டு, சட்டைக்குள்ளோ சோலுக்குள்ளோ விட்டுவிடுங்கள். மெலனின் இருந்தால் வெயிலின் புறஊதாக் கதிரில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். அதை நாமே எடுத்துவிட்டோம். ஆகவே வெயில் நேரே கெரட்டினில் படும். வெளிர் முடி மஞ்சளடிக்கும், முரடாகும். குடை, தொப்பி, சோல் எது கையில் இருக்கிறதோ அது போதும்.

அறுகம்பே அலைச்சறுக்குத் தம்பிமாரின் முடி நுனி செம்பட்டையாக இருக்கிறதே, அது பெரும்பாலும் வெயிலும் உப்பும் செய்த வேலை. ஏற்கெனவே பிளீச் செய்த முடியோடு அதே கடலுக்குப் போனால் கூடுதல் நட்டம். பாசிக்குடாவோ அறுகம்பேயோ, தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் போத்தல் தண்ணீரால் முடியை நன்றாக நனையுங்கள். வயிறு நிறைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். மேலே கொஞ்சம் கண்டிஷனரைப் பூசிப் பின்னிக்கொள்ளுங்கள். ஏறினதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்போடு வீடு வரை காய விடாதீர்கள்.

ஹோட்டல் நீச்சல் குளத்திலும் இதே முறைதான். அங்கே முடி பச்சையடிக்கிறது என்று குளோரினைத் திட்டுவார்கள். பச்சை நிறம் தருவது தண்ணீரில் இருக்கிற செம்பு. பாசிக்கு அடிக்கிற மருந்திலிருந்தும் வரும், பழைய குழாயிலிருந்தும் வரும். அதற்கும் கிலேட்டிங் ஷாம்புதான்.

கோயில் விசேஷங்களில் மஞ்சள் தண்ணீர் தலையில் விழும். பயபக்தியோடு நிற்கிற இடத்தில் தலையைத் திருப்பவா முடியும்? நிற்பதற்கு முன்னால் எண்ணெய் பூசிக்கொண்டு போங்கள், சாயம் ஆழமாக ஏறாது. ஏறினாலும் மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மட்டும் இன்னும் சிவக்கும், அதைச் செய்ய வேண்டாம்.

உரசல்

ஹெல்மெற் போடாமல் இருக்க முடியாது, போடவும் வேண்டும். உள்ளே வியர்வை, ஓரத்தில் உரசல். பிடரியில் ஹெல்மெற் முட்டுகிற இடத்தில் முடி கட்டை கட்டையாக அறுந்திருப்பதை நிறையப் பேரிடம் பார்க்கலாம். மெல்லிய வழுவழுப்பான துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்கு மேலே ஹெல்மெற் போடுங்கள். ஈர முடியோடு போடவே வேண்டாம்.

சோல், ஹிஜாப் போடுகிறவர்களுக்கு வெயிலிலிருந்து முடி தப்பும், அது பெரிய லாபம். கவனிக்க வேண்டியது உள்ளே போடுகிற தொப்பி. முரட்டுப் பருத்தியில் இல்லாமல் சாட்டினில் தைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவசரத்தில் ஈரத்தோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் பின்னேரம் வரை உள்ளே காயாது. உச்சியில் பொடுகும் அரிப்பும் வரும். தலையணை உறைக்கும் சாட்டின் நல்லது. பழைய சாறி பிளவுஸ் துணி மீதி இருந்தாலே போதும். பூ வைக்கிறவர்கள் நுனி உரிந்த கிளிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

வீட்டு மருந்துகள், ஒவ்வொன்றாக

தேசிக்காய்: வேண்டாம். கடும் புளிப்பு, வெயிலும் சேர்ந்தால் மேலும் வெளிற வைத்து வறட்டிவிடும். அப்பச்சோடா இன்னும் மோசம், செதில்களைத் திரும்பத் திறக்கும்.

முட்டை: அதன் புரதம் பெரிய மூலக்கூறு, அப்படியே உள்ளே போகாது. சூடான தண்ணீரில் கழுவினால் தலையிலேயே அவிந்து ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ப்பால் கழுவிப் போவது கஷ்டம், இந்தச் சூட்டில் புளித்து மணக்கும். அதைச் சொதிக்கு வையுங்கள்.

செவ்வரத்தை இலையை நான் சிபாரிசு செய்வேன். கசக்கிப் பிழிந்தால் வருகிற வழுவழுப்பு சிக்கெடுக்க அருமை. மெல்லிய துணியில் இரண்டு முறை வடித்துவிட்டுப் பாவியுங்கள். பூவைச் சேர்க்க வேண்டாம், நிறம் ஏறும். கற்றாழையும் நல்லதுதான், வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுதாக வடிய விட்டு, உள்ளே இருக்கிற தெளிந்த பசையை மட்டும் எடுங்கள்.

மருதோன்றியில்தான் ஆக ஆபத்து. சுத்தமான இலையே வெளிர் முடியில் கடும் செம்மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு. பக்கற்றில் வருகிற சில தூள்களில் உலோக உப்பு இருக்கும். அதற்கு மேலே பிளீச் பட்டால் முடி புகைகிற அளவுக்குச் சூடாகலாம். 'கறுப்பு மருதோன்றி' என்று விற்பதில் பி.பி.டி. என்ற சாயம் இருப்பதுண்டு, சிலருக்கு முகமே வீங்கிவிடும். எந்தக் கலரானாலும் 48 மணித்தியாலம் முன்னால் காதுக்குப் பின்னால் துளி பூசிப் பாருங்கள்.

அயர்ன் செய்வதைப் பற்றிச் சுருக்கமாக: முழுதாகக் காய்ந்த முடியில், வெப்பக் காப்பு ஸ்பிரே அடித்து, 180 பாகைக்குக் கீழே, ஓர் இழைக்கு ஒரே இழுப்பு. வெப்பத்தைக் குறைக்க முடியாத மலிவு அயர்னைத் தங்கச்சிக்கும் கொடுக்காதீர்கள்.

வேர் கறுத்ததும்

முடி மாதத்துக்கு ஒரு சென்றிமீற்றருக்குச் சற்று மேலே வளரும். இரண்டு மாதத்தில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரியும். திரும்ப பிளீச் வைப்பதானால் வளர்ந்த கறுப்பில் மட்டும்தான். பழைய பகுதியில் கலவை ஏறினால், இரண்டும் சந்திக்கிற அந்த இடத்திலேயே முடி அறும். சொந்தத் தலையின் பின்பக்கத்தில் இதைச் சரியாகச் செய்வது கஷ்டம். இந்த ஒரு வேலைக்குச் சலூனுக்குக் காசு கொடுப்பது நியாயம். வீட்டில்தான் செய்வேன் என்றால் கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், 20 வொலியூமுக்கு மேலே போகாதீர்கள். உச்சிச் சூட்டில் வேர் விரைவாக வெளிறும் என்பதால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெர்சல்பேட் தூள் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் கலக்கவே வேண்டாம். மூச்சு முட்டினால் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உச்சியில் கொப்புளமோ நீர் வடிவதோ இருந்தால் எண்ணெய் தடவிப் பார்க்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

சலூனில் உட்கார்ந்ததும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: வீட்டுத் தண்ணீர், கடந்த இரண்டு வருஷத்தில் போட்ட மருதோன்றி அல்லது பக்கற் கலர், கடைசியாக எப்போது பிளீச் வைத்தது. முதலில் ஓர் இழையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்று சொல்கிற இடத்தில் எழும்பி வந்துவிடலாம்.

அலுத்துப்போய்த் திரும்பக் கறுப்பாக்க நினைத்தால், பக்கற் கறுப்பை நேரே அப்பாதீர்கள். வெளிர் முடியில் இயற்கையான சிவப்பு இல்லாததால் அது பச்சையோடிய சேற்று நிறமாக வரும், நாலு முழுக்கில் கழன்றும் போகும். முதலில் செம்பு கலந்த மண்ணிறம் ஒன்று போட்டு, அது பிடித்த பிறகு கடும் மண்ணிறத்துக்கு இறக்குங்கள். வெடித்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் அகலம் வெட்டிக்கொண்டே வந்தால், கட்டை முடிக்காரர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் பழைய முடி முழுதும் கழிந்துவிடும், இடுப்பு வரை வைத்திருப்பவர்களுக்கு நாலைந்து வருஷம் எடுக்கும்.